வியன்னா மாநாட்டுப் பயணம்: புறப்படும் முன்பே நேரும் தவறுகள்

ஐரோப்பியப் புவி அறிவியல் ஒன்றியத்தின் பொதுக்கூட்டம், பெருந்தொற்று ஆண்டுகள் நீங்கலாக, 2005 முதல் ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் ஏப்ரல், மே மாதங்களை ஒட்டி நடந்து வருகிறது. இந்தியாவிலிருந்து அதற்குச் செல்லும் ஆய்வாளர்கள் படும் சிரமங்களில் பெரும்பாலானவை வியன்னாவில் தொடங்குவதில்லை. கட்டுரைச் சுருக்கத்தை அனுப்பிய பிறகு வரும் வாரங்களில், ஒன்றோடொன்று ஒத்துப்போகாத காகிதங்களைச் சேர்ப்பதில்தான் தொடங்குகின்றன.

முதல் தவறு காத்திருப்பது. எந்த நாளில், எந்த அமர்வில் பேச வேண்டும் என்ற அறிவிப்பு வந்த பிறகு விசாவைப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டால், விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதே அரிதாகிவிடும். ஆஸ்திரியா உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதங்கள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு வழக்கமாக 15 நாட்களில் வந்தாலும், கூடுதல் விசாரணை தேவைப்பட்டால் 45 நாட்கள் வரை நீளலாம். விசா மறுக்கப்பட்டால் 90 யூரோ கட்டணமும் திரும்ப வராது. விசா கையில் வரும்வரை, ரத்து செய்தால் பணம் கிடைக்காத விமான டிக்கெட்டை வாங்காமல் இருப்பது நல்லது. விண்ணப்பத்துக்கு முன்பதிவு விவரம் இருந்தால் போதும்.

அடுத்தது பெயர். இது தமிழர்களுக்கென்றே அமைந்த சிக்கல். பாஸ்போர்ட்டில் தந்தை பெயரோ ஊர்ப் பெயரோ முழுதாக விரிந்திருக்கும், கட்டுரையில் 'எஸ். கார்த்திக்' என்றும், பல்கலைக்கழகத்தின் ஆட்சேபணையின்மைக் கடிதத்தில் 'கார்த்திக் எஸ்' என்றும் இருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்பது நமக்குத் தெரியும், விசா அதிகாரிக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. மாநாட்டுப் பதிவின்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து பெயரைக் கொடுத்தால், அழைப்புக் கடிதமும் அப்படியே வரும். வெளியிட்ட கட்டுரைகளில் உள்ள பெயர் வடிவம் வேறாக இருந்தால், இரண்டும் ஒருவரையே குறிக்கும் என்று துறைத் தலைவரிடம் ஒரு வரி எழுதி வாங்கி இணைப்பது நல்லது.

மாநாட்டுக்கு ஐந்து நாட்கள், அதன் பிறகு வேறொரு நாட்டில் சில நாட்கள் ஊர் சுற்றல் என்று திட்டமிடுவோர், எந்தத் தூதரகத்தில் நேரம் சீக்கிரம் கிடைக்கிறதோ அங்கே விண்ணப்பித்துவிடுகிறார்கள். பயணத்தின் முதன்மை நோக்கமோ அதிக நாட்களோ எந்த நாட்டுக்கு உரியதோ, அந்த நாட்டிடம்தான் விசா கேட்க வேண்டும். வேறு நாட்டு விசாவோடு வந்து 'மாநாட்டுக்கு வந்தேன்' என்று வியன்னா விமான நிலையத்தில் சொல்ல நேர்ந்தால் கேள்விகள் எழும்.

விசா கிடைத்த மகிழ்ச்சியில் பலர் ஸ்டிக்கரைச் சரியாகப் படிப்பதில்லை. அதில் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி ஆகியவற்றோடு, தங்கக்கூடிய நாட்களின் எண்ணிக்கை தனியே அச்சிடப்பட்டிருக்கும். மே 1 முதல் மே 25 வரை என்றிருந்து, நாட்கள் 10 என்றிருந்தால், மே 2 அன்று இறங்குபவர் மே 11 அன்றே வெளியேறியாக வேண்டும். வந்த நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். விலை குறைவு என்பதற்காக மே 12 காலை விமானத்தைப் பிடிப்பவர் அனுமதியை மீறியவராகிறார். 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய எல்லைப் பதிவு முறையில் நாட்களைக் கணினியே எண்ணுவதால், அதிகாரி கவனிக்காமல் விட்டுவிடுவார் என்று நம்ப இடமில்லை. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, தங்கும் நாட்கள் முழுவதுக்கும் இருக்க வேண்டும்.

அரசு நிதியில் செல்லும் மத்திய அரசு நிறுவன ஊழியர்கள், அங்கீகரிக்கப்பட்ட முகவர்களான பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐஆர்சிடிசி ஆகியவற்றைத் தவிர்த்து வேறு தளத்தில் டிக்கெட் வாங்கிவிட்டால், பணத்தைத் திரும்பப் பெறக் கோப்புகளோடு அலைய வேண்டியிருக்கும். போர்டிங் பாஸை விமான இருக்கையிலேயே விட்டுவிட்டு வருவோருக்கும் இதே கதிதான்.

வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பல நேரம் முடக்கப்பட்டிருக்கும். அதை ஊரிலேயே வங்கிச் செயலியில் திறந்துகொள்ள வேண்டும். ஓடிபி வருவதற்கு இந்திய எண்ணில் ரோமிங்கும் தேவை. அங்கே அட்டை இயந்திரம் 'ரூபாயா, யூரோவா' என்று கேட்டால், யூரோவைத் தேர்ந்தெடுப்பதே லாபம். நம் மடிக்கணினியின் மூன்று முள் பிளக் ஆஸ்திரிய சுவரில் நுழையாது. 230 வோல்ட் மின்சாரம் பொதுவானது என்பதால் சிறிய அடாப்டரே போதும்.

விமான நிலையம் வியன்னா நகர எல்லைக்கு வெளியே, ஷ்வெசாட்டில் இருக்கிறது. நகருக்குள் மட்டும் செல்லும் வாரப் பாஸை வாங்கிக்கொண்டு அங்கிருந்து ரயிலேறினால் அபராதம் விழும். தடுப்புக் கதவுகள் இல்லையென்றாலும் பரிசோதகர்கள் வருவார்கள். எஸ்7 ரயிலில் பிராட்டர்ஸ்டெர்ன் வந்து, யு1 மெட்ரோவுக்கு மாறினால் மாநாட்டு மையத்தை ஒட்டிய கைசர்மூலன் நிலையத்தில் இறங்கலாம். ஞாயிற்றுக்கிழமை வந்து சேருபவர்கள் கவனிக்க: அன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையங்களில் உள்ள சில கடைகளில்தான் பாலும் பழமும் கிடைக்கும்.