சோப் பேஸ் வாங்கி வீட்டிலேயே குப்பைமேனி சோப் செய்வது எப்படி?

எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் வினைபுரிந்தால்தான் சோப் உருவாகும். அதை முதலிலிருந்து செய்வதென்றால் கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி, துல்லியமான எடைக்கருவி எல்லாம் வேண்டும். ஊற்றிய பிறகும் நான்கு முதல் ஆறு வாரம் காய வைக்க வேண்டும். கடையில் கட்டியாகக் கிடைக்கும் சோப் பேஸில் அந்த வினை முன்பே முடிந்துவிட்டது. நமக்கு மிச்சம் இருப்பது உருக்கி, கலந்து, அச்சில் ஊற்றுவது மட்டும்தான். காலையில் செய்தால் மாலையில் சோப் தயார்.

வாங்க வேண்டியவை

ஆட்டுப்பால் சோப் பேஸ் அரை கிலோ. 100 கிராம் சோப் ஐந்து வரும். பேஸில் கிளிசரின், கற்றாழை, ஷியா பட்டர் என்று பல வகை உண்டு. கண்ணாடி மாதிரித் தெரியும் கிளிசரின் பேஸில் பொடி அடியில் தங்கினால் அப்படியே காட்டிக்கொடுத்துவிடும், அதனால் முதல் முறைக்கு வெள்ளை பேஸ் நல்லது. வாங்கும்போது பின்பக்கம் உள்ள பொருள் பட்டியலையும் படித்துவிடுங்கள். சில பேஸில் நுரைக்காக எஸ்எல்எஸ் (சோடியம் லாரில் சல்ஃபேட்) என்ற ரசாயனம் சேர்த்திருப்பார்கள்.

இதோடு நன்றாகச் சலித்த குப்பைமேனிப் பொடி ஒரு டீஸ்பூன், கிளிசரின் இரண்டு டீஸ்பூன், வெட்டிவேர் எண்ணெய் ஒரு டீஸ்பூன், சிலிக்கான் அச்சு, ஒரு சின்ன ஸ்பிரே பாட்டிலில் சர்ஜிக்கல் ஸ்பிரிட்.

பச்சை இலையை அரைத்துச் சாறு ஊற்றலாமே என்று எல்லோருக்கும் தோன்றும். வேண்டாம். சாறு என்றால் பெரும்பகுதி தண்ணீர்தான். சோப் கொழகொழத்துப் போகும், கொஞ்ச நாளில் நாற்றமடிக்கும், பூஞ்சையும் பிடிக்கலாம். பச்சைக் கற்றாழை, பால், தயிர், தக்காளிச் சாறு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். வீடியோக்களில் ஊற்றிக் காட்டுவார்கள். அந்த சோப் அடுத்த மாதம் எப்படி இருக்கிறது என்று காட்ட மாட்டார்கள். காய்ந்த பொடிதான் பத்திரம்.

1. உருக்குதல்

பேஸை இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்குங்கள். ஒரே அளவாக இருந்தால் ஒன்றுபோல உருகும். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் கொதித்ததும் தீயைக் குறைத்து, அதற்குள் துண்டுகள் போட்ட எவர்சில்வர் பாத்திரத்தை வையுங்கள். நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது. மைக்ரோவேவ் என்றால் 30 விநாடிக்கு ஒருமுறை எடுத்துக் கிளறுங்கள்.

இந்த வேலையில் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். பேஸ் 60 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் உருகிவிடும், 70-ஐத் தாண்ட விடாதீர்கள். கொதித்துவிட்டால் அதிலுள்ள ஈரம் போய், ஆறிய பிறகு ரப்பர் மாதிரி ஆகிவிடும். கடைசியில் இரண்டு மூன்று சின்னத் துண்டுகள் மிச்சம் இருக்கும்போதே அடுப்பை அணைத்துவிடுங்கள், அந்தச் சூட்டிலேயே அவையும் கரைந்துவிடும். கரண்டியை மெதுவாகத் திருப்புங்கள். வேகமாக அடித்தால் நுரை வந்து சோப் முழுக்க ஓட்டையாகும்.

2. கலத்தல்

பொடியை நேராகத் தூவினால் கட்டி தட்டும். முதலில் கிளிசரினில் குழைத்து, அப்புறம் ஊற்றிக் கலக்குங்கள். அதன் பிறகு வாசனைக்கு வெட்டிவேர் எண்ணெய். அரை கிலோவுக்கு ஐந்து மில்லி என்றால் ஏறக்குறைய ஒரு சதவீதம், தினமும் குளிக்கிற சோப்புக்கு அது போதும். மெழுகுவர்த்திக்கு விற்கும் வாசனைத் திரவியம் தோலுக்கு ஆகாது. தேங்காய் எண்ணெய், பாதாம் எண்ணெய் சேர்க்க ஆசைப்பட்டால் ஒரு டீஸ்பூனோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மிஞ்சினால் நுரை வராது.

3. ஊற்றுதல்

சூடாக ஊற்றினால் பொடி முழுவதும் அடியில் போய் உட்காரும். மெதுவாகக் கிளறிக்கொண்டே காத்திருங்கள். கொஞ்சம் கெட்டியாகி, மேலே மெல்லிய ஆடை படியத் தொடங்கும். அதுதான் நேரம். அச்சில் ஊற்றியதும் மேலே ஸ்பிரிட் தெளித்தால் குமிழிகள் உடைந்துவிடும். அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தெளியுங்கள், ஸ்பிரிட் பட்டென்று தீப்பிடிக்கும்.

மூன்று நான்கு மணி நேரம் அசைக்காமல் விடுங்கள். சீக்கிரம் ஆகட்டும் என்று ஃப்ரீசரில் வைத்தால், வெளியே எடுத்ததும் வியர்த்து ஊற்றும்.

சரியாக வரவில்லையா? நறுக்கி மறுபடி உருக்கிக்கொள்ளலாம். பேஸின் பெரிய வசதியே இதுதான்.

வைத்திருப்பது

கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில் திறந்து வைத்த சோப்பின் மேல் முத்து முத்தாக நீர் கோக்கும். அது கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல, ஆனாலும் அச்சிலிருந்து எடுத்த உடனே கிளிங் ஃபிலிம் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றிவிடுவது மேல். நாளாக நாளாகப் பச்சை நிறம் பழுப்பாகும். இலைப்பொடி எதுவானாலும் அப்படித்தான்.

முதலில் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தேய்த்துக் கழுவி, ஒரு நாள் பாருங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் அந்த சோப் உங்களுக்கு வேண்டாம். சொறி சிரங்கு இருந்தால் குப்பைமேனி பார்த்துக்கொள்ளும் என்று விடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீட்டுக்கும் சொந்தக்காரர்களுக்கும் செய்து கொடுப்பது வேறு, விற்பது வேறு. இந்தியாவில் குளியல் சோப் அழகுசாதனப் பொருள் கணக்கில் வருவதால், தயாரித்து விற்க மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும்.