மாகாணத்திடமா, மத்தியிடமா? 13ஆம் திருத்தத்தை வாசிக்கும் முறை

இலங்கையில் ஒரு விடயம் மாகாண சபைக்கு உரியதா, கொழும்புக்கு உரியதா என்று அறிய அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையைத் திறக்க வேண்டும். 1987இல் 13ஆம் திருத்தம் சேர்த்த அட்டவணை அது. அதில் மாகாண சபை நிரல், மத்திய அரசுக்கு (மத்திக்கு) மட்டுமேயான ஒதுக்கிய நிரல், இரு தரப்புக்கும் பொதுவான ஒருங்கிய நிரல் என மூன்று பட்டியல்கள் உண்டு. முதல் நிரலில் தலைப்பைக் கண்டவுடன் "இது மாகாணத்துக்கு உரியது" என்று முடிவு கட்டுவதுதான் பரவலான தவறு. ஓரிடத்தில் கொடுத்ததை இன்னோரிடத்தில் திருப்பி எடுத்திருப்பார்கள்.

முதலில் விடயத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள். "சுகாதாரம்" என்று தேடினால் விடை கிடைக்காது. எந்த வைத்தியசாலை என்று கேளுங்கள். போதனா வைத்தியசாலைகளும் விசேட வைத்தியசாலைகளும் மத்தியிடம், மற்றவை மாகாணத்திடம். வீதியென்றால் தேசிய நெடுஞ்சாலையா என்று பாருங்கள். பாடசாலையென்றால் தேசியப் பாடசாலையா, மாகாணப் பாடசாலையா? நீர்ப்பாசனத்தில் ஆறு ஒன்றுக்கு மேற்பட்ட மாகாணங்களூடாக ஓடினால் அந்தத் திட்டம் மாகாணத்தின் கையில் இல்லை.

அடுத்து, முதல் நிரலின் பின்னிணைப்பைப் புரட்டுங்கள். பொலிஸ், காணி, கல்வி மூன்றுக்கும் தனித்தனிப் பின்னிணைப்பு உண்டு. காணியில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். முதல் நிரலின் 18ஆம் விடயம் காணியைக் குறிப்பிடுகிறது. ஆனால் இரண்டாம் பின்னிணைப்பின்படி அரச காணி குடியரசுக்கே உரியது. மாகாண சபையின் ஆலோசனையின் பேரில் அதைப் பராதீனப்படுத்துபவர், அதாவது பிறருக்குக் கையளிப்பவர், சனாதிபதி. அரச காணி மத்தியின் அதிகாரத்துக்கு உட்பட்டதே என்று 2013 செப்டெம்பரில் உயர் நீதிமன்றமும் தீர்த்தது. பொலிஸ் அதிகாரமோ ஏட்டளவில்தான் நிற்கிறது.

பிறகு ஒதுக்கிய நிரல். "எல்லா விடயங்கள் மீதான தேசியக் கொள்கை" மத்திக்கு என்று அங்கே ஒரு வரி இருக்கிறது. முழுத் திருத்தத்திலும் மாகாணங்களை அதிகம் பலவீனப்படுத்தும் வரி இதுவே என்பது எம் கருத்து. தேசியக் கொள்கை எங்கே முடிகிறது என்று அது எல்லை சொல்லவில்லை.

நிரல் மாகாணத்துக்குச் சாதகமாக இருந்தாலும் வேலை முடியவில்லை. அந்த விடயத்தில் நியதிச்சட்டம், அதாவது மாகாண சபை இயற்றும் சட்டம், இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1987க்கு முந்திய நாடாளுமன்றச் சட்டம் ஒன்று அந்த விடயத்தை ஆண்டுகொண்டிருந்தால், நியதிச்சட்டம் தன் நீண்ட தலைப்பிலேயே அச்சட்டத்துடன் முரண்படுவதாகச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் பழைய சட்டம் அந்த மாகாணத்துக்குள் இடைநிறுத்தப்படும் என்கிறது 154ஜி உறுப்புரை. வரைபவர்கள் தவறவிடக் கூடாத வரி இது. நிதி சம்பந்தப்பட்ட நியதிச்சட்டத்தை ஆளுநரின் விதப்புரை (பரிந்துரை) இல்லாமல் சபையில் சமர்ப்பிக்கவே முடியாது. நிறைவேறிய எந்த நியதிச்சட்டத்தையும் ஆளுநர் ஒருமுறை மீளாய்வுக்குத் திருப்பி அனுப்பலாம். சபை மறுபடி நிறைவேற்றினால் அவர் சம்மதிக்க வேண்டும். இல்லையேல் ஒரு மாதத்துக்குள் சனாதிபதி ஊடாக உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட வேண்டும். அரசியலமைப்புக்கு முரணில்லை என்று நீதிமன்றம் சொன்னால் சம்மதம் கட்டாயம்.

மறுபக்கமும் உண்டு. மாகாண நிரல் விடயத்தில் நாடாளுமன்றம் சட்டம் செய்ய விரும்பினால், சட்டமூலம் வர்த்தமானியில் வெளியான பின், நாடாளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் (நிகழ்ச்சி நிரலில்) சேருமுன், ஒவ்வொரு மாகாண சபையின் கருத்தையும் பெற வேண்டும். எல்லாச் சபைகளும் இணங்கினால் சாதாரண பெரும்பான்மை போதும். ஒரு சபையாவது மறுத்தால் முழு நாட்டுக்கும் பொருந்த மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். சாதாரண பெரும்பான்மையோடு நின்றால் இணங்கிய மாகாணங்களுக்கு மட்டுமே பொருந்தும். வாழ்வாதார அபிவிருத்திக்குத் திணைக்களம் ஒன்றை அமைக்க வந்த திவிநெகும சட்டமூலம் 2012இல் இந்த இடத்தில்தான் சிக்கியது. வட மாகாணத்துக்கு அப்போது சபையே இல்லை. சபைக்குப் பதிலாக ஆளுநர் இணக்கம் தர முடியாது என்று உயர் நீதிமன்றம் கூறியது. ஒருங்கிய நிரலில் இவ்வளவு காப்பு இல்லை. அங்கே கலந்தாலோசனை மட்டுமே, அதுவும் நாடாளுமன்றம் பொருத்தமெனக் கருதும் அளவுக்கு.

கடைசியாக, சபை நடப்பில் உள்ளதா என்று பாருங்கள். 2014 ஊவாத் தேர்தலுக்குப் பின் மாகாணத் தேர்தல்கள் தள்ளிப்போய், 2019க்குள் ஒன்பது சபைகளின் காலமும் முடிந்தது. சபை இல்லாத மாகாணத்தில் புதிய நியதிச்சட்டம் பிறக்காது. நிறைவேற்று அதிகாரம் சனாதிபதி நியமித்த ஆளுநரிடம் இருக்கும். அப்போது மாகாண விடயம் பற்றிய மனுவை உரிய மாகாண அமைச்சின் செயலாளருக்கு எழுதி, ஆளுநருக்கும் பிரதி அனுப்புங்கள். அரச காணி விடயமென்றால் பிரதேச செயலாளரிடம் தொடங்குங்கள்.