நிலச்சரிவு ஆய்வில் ஒரு நாள் பிசகினால்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஓர் ஆய்வு மாணவர் தம் மடிக்கணினியில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். நீலகிரியில் நிலச்சரிவு நடந்த நாள்களைச் சிவப்புப் புள்ளிகளாகவும், நடக்காத நாள்களை நீலப் புள்ளிகளாகவும், அந்தந்த நாளின் மழையளவுக்கு நேராக அவர் குறித்திருந்தார். மழை கூடக்கூடச் சிவப்புப் புள்ளிகள் நெருங்கி வர வேண்டும். ஆனால் அவற்றில் பாதிக்கு மேல் 30, 40 மில்லிமீட்டர் பக்கத்திலேயே கிடந்தன. 200 மில்லிமீட்டரைத் தாண்டிய நாள்களோ நீலமாக இருந்தன. அதற்கு அவரிடம் ஒரு விளக்கமும் தயாராக இருந்தது: சரிவு நடந்த நாளின் மழையைவிட முந்தைய வாரத்தின் மழையே முக்கியம் என்றார். நான் மாணவனாக இருந்தபோது அதே விளக்கத்தை ஒரு முழு அத்தியாயமாக எழுதியவன் என்பதால், அந்த வரைபடத்தைப் பார்த்ததுமே எங்கே பிசகியிருக்கும் என்று தெரிந்துவிட்டது.

அட்டை கடிக்காமல் இருக்க என்ன செய்வது, ஜி.பி.எஸ். கருவிக்கு மாற்று மின்கலம் எடுத்துப் போவது, காட்டு மாடு நிற்கும் சரிவில் ஏறாமல் இருப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. முதல் வாரத்திலேயே அவற்றை மலை கற்றுக்கொடுத்துவிடும். வருடக்கணக்கில் உடனிருந்தும் தன்னைக் காட்டிக்கொள்ளாத தவறுகளைப் பற்றியதே இந்தக் கட்டுரை.

சாலையோரச் சரிவுகளை மட்டும் எண்ணுவது

ஜீப்பில் போய்ச் சேகரித்த பட்டியலில் ஜீப் போகிற இடத்துச் சரிவுகள்தாம் இருக்கும். பிறகு அந்தப் பட்டியலைக் கணினியில் கொடுத்தால், நிலச்சரிவுக்கு முதன்மைக் காரணம் சாலைக்கு அருகில் இருப்பதே என்று அது சொல்லும். நாமும் அதைக் கண்டுபிடிப்பாக எழுதிவிடுவோம். சாலைக்காக வெட்டிய மண்சுவர் இடிவதும் இயற்கையான மலைச்சரிவு பெயர்ந்து வருவதும் ஒரே பட்டியலில் இருக்கலாம், ஆனால் தனித்தனிப் பத்திகளில் இருக்க வேண்டும். மேல்பவானி, அவலாஞ்சி பக்கத்தில் 2019 ஆகஸ்டில் சாலையும் கட்டடமும் இல்லாத சரிவுகளும் பெயர்ந்தன. அவற்றைப் பார்க்க நடந்துதான் போக வேண்டும், அல்லது செயற்கைக்கோள் படத்தில் பொறுமையாகத் தேட வேண்டும்.

ஊர் அழிந்த இடத்தில் புள்ளி வைப்பது

சரிவு தொடங்கிய தலைப்பகுதியில் புள்ளி வையுங்கள். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்களைச் சிதைத்த சரிவு, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,550 மீட்டர் உயரத்தில் பெயர்ந்து, ஆற்றோடு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் ஓடியது. சூரல்மலையில் புள்ளியை வைத்துவிட்டு அந்த இடத்தின் சாய்வையும் மண்ணையும் அளந்தால், சமதளமான ஆற்றங்கரையில் மலை சரியும் என்ற முடிவுதான் கிடைக்கும்.

மழை நாளும் நாட்காட்டி நாளும் ஒன்றென்று நம்புவது

என் இரண்டு ஆண்டுகளைத் தின்ற தவறு இது. இன்றும் ஆய்வுக் கட்டுரைகளை மதிப்பிட வாங்கிப் படிக்கும்போது முதலில் இதைத்தான் தேடுகிறேன், அடிக்கடி கண்டும் எரிச்சலடைகிறேன்.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மழை நாள் காலை 8.30 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30 மணிக்கு முடிகிறது. அந்த 24 மணி நேரத்தில் பெய்த மழை, அளந்த நாளின் தேதியில் பதிவாகிறது. அதாவது, பத்தாம் தேதி என்று எழுதியிருக்கும் மழையில் பெரும்பகுதி ஒன்பதாம் தேதி பெய்தது. 2009 நவம்பர் 10 காலையில் கேத்தியில் பதிவான 820 மில்லிமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 'நவம்பர் 10 அன்று கேத்தியில் 820 மில்லிமீட்டர் பெய்தது' என்று பலர் எழுதுகிறார்கள். அது ஒன்பதாம் தேதி காலைக்கும் பத்தாம் தேதி காலைக்கும் இடையே பெய்த மழை.

இதனால் என்ன ஆகிறது என்பதை மூன்று சரிவுகளை வைத்துப் பார்க்கலாம். மூணாற்றுக்கு அருகிலுள்ள பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு பத்தே முக்கால் மணியளவில் தேயிலைத் தோட்டக் குடியிருப்பின் மேல் மலை சரிந்து 70 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டைப் பூர்விகமாகக் கொண்ட தொழிலாளர் குடும்பத்தினர். அந்தச் சரிவுக்கு நேராக ஆகஸ்ட் 6 என்ற பதிவை எடுத்தால், அது காலை 8.30 மணிக்கே முடிந்துவிட்ட கணக்கு. அதன் பிறகு சரிவு நிகழும்வரை பதினான்கு மணி நேரம் பெய்தது முழுவதும் ஆகஸ்ட் 7 என்ற வரியில் இருக்கிறது. வயநாட்டுப் புத்துமலையில் 2019 ஆகஸ்ட் 8 அன்று சரிவு நடந்தது பிற்பகலில் என்பதால் அங்கேயும் மறுநாள் பதிவையே பார்க்க வேண்டும். முண்டக்கையிலோ ஜூலை 30 அதிகாலை ஒரு மணிக்குப் பிறகு மலை பெயர்ந்தது. ஆகவே அதே தேதிப் பதிவு பொருந்துகிறது. ஆனால் அந்தப் பதிவிலும், சரிவு தொடங்கிய பிறகு காலை 8.30 வரை பெய்த ஏழு மணி நேர மழை சேர்ந்திருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. சரிந்து முடிந்த பிறகு பெய்த மழை சரிவுக்குக் காரணமாக இருக்க முடியாது.

ஒரு நாள் முன்பின்னாக இருந்தால் என்ன, சராசரியில் சரியாகிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. சரியாகாது. நீலகிரியின் சார்னோக்கைட் பாறை நெடுங்காலமாக இற்றுப்போய், அதன் மேல் பல மீட்டர் ஆழத்துக்குச் செம்மண்ணும் களிமண்ணும் படர்ந்திருக்கின்றன. முந்தைய நாள்களின் மழை இந்த மண்ணை ஊறவைக்கிறது. கடைசிச் சில மணி நேரத்தின் கனமழை, ஊறிய மண்ணின் துளைகளில் நீர் அழுத்தத்தை ஏற்றி, மண் தன்னைத் தாங்கிக்கொண்டிருக்கும் பிடிப்பைக் குறைக்கிறது. தேதி பிசகினால், கணக்கிலிருந்து விழுவது அந்தக் கடைசி மணி நேரங்கள்தாம். நெல் கெய்ன் என்ற ஆய்வாளர் 1980இல் வெளியிட்ட புகழ்பெற்ற மழை வரம்பு, அதாவது எவ்வளவு மழைக்கு மேல் சரிவு நிகழக்கூடும் என்ற எல்லை, மழையின் செறிவையும் அது நீடிக்கும் மணி நேரத்தையும் சேர்த்துப் பார்க்கிறது. அவர் சூத்திரத்தின்படி பத்து மணி நேரம் நீடிக்கும் மழைக்கு வரம்பு மணிக்குச் சுமார் 6 மில்லிமீட்டர். மணிக்கணக்கில் பேசும் ஒரு சூத்திரத்தோடு, பதினான்கு மணி நேரம் தவறிய எண்ணை ஒப்பிட்டுவிட்டு நம் மலை வேறு மாதிரி என்று முடிவு கட்டியவன் நான்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குன்னூர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மழைப் பதிவேட்டை நகலெடுக்கப் போயிருந்தேன். அலுவலகத்துக்கு வெளியே புல்தரையில் மழைமானி இருந்தது. எழுத்தர் வந்து புனலைத் திருகி எடுத்து, உள்ளிருந்த புட்டியின் நீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, குனிந்து கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, உள்ளே போய் அன்றைய தேதிக்கு நேராக எண்ணை எழுதினார். மணி எட்டரை. நான் விளையாட்டாக, "இன்னைக்கு இன்னும் மழையே பெய்யலையே, இன்னைக்குத் தேதியில எழுதுறீங்களே?" என்று கேட்டேன். "அளந்தது இன்னைக்குத்தானே தம்பி, பெய்ஞ்சதுதான் நேத்து" என்றார். அப்போது என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் தட்டச்சாகி முடிந்திருந்தது. அடுத்த ஆறு மாதங்கள் ஒவ்வொரு சரிவும் எத்தனை மணிக்கு நடந்தது என்று ஊர் ஊராகக் கேட்டுத் திரிந்தேன்.

அதில் கற்றுக்கொண்டது ஒன்று. எத்தனை மணிக்குச் சரிந்தது என்று கேட்டால் ஒருவரும் சரியாகச் சொல்வதில்லை. கடைசி பஸ் போன பிறகா, கரண்ட் போவதற்கு முன்பா, பச்சைத் தேயிலை எடை போட்டு முடிந்திருந்ததா, பால் வண்டி வந்துவிட்டதா என்று கேட்டால் அரை மணி நேரத் துல்லியத்தில் பதில் கிடைக்கும். நாளிதழ்ச் செய்தியை மட்டும் நம்பாதீர்கள். பதினோராம் தேதிக் காலை இதழில் 'நேற்று அதிகாலை' என்று இருப்பதைச் சரிவின் தேதி பதினொன்று என்று பட்டியலில் ஏற்றியவர்களை எனக்குத் தெரியும். இந்தப் பிழை எதிர்த்திசையில் போவதால், ஒரே பட்டியலில் சில சரிவுகள் ஒரு நாள் முன்னும் சில ஒரு நாள் பின்னும் விலகி நிற்கும். அப்போது எல்லாத் தேதிகளையும் ஒரே தட்டாக நகர்த்திச் சரிசெய்யவும் முடியாது.

செயற்கைக்கோள் மழைத் தரவைப் பயன்படுத்துபவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. நாசாவின் ஐமெர்ஜ் (IMERG) போன்ற செயற்கைக்கோள் மழைத் தரவுகளின் ஒரு நாள் கிரீன்விச் நேரப்படி நள்ளிரவில் தொடங்குகிறது; அது நமக்குக் காலை 5.30 மணி. ஆகவே செயற்கைக்கோளின் ஆறாம் தேதி, நம் ஆறாம் தேதி காலை 5.30 முதல் ஏழாம் தேதி காலை 5.30 வரை. வானிலைத் துறையின் மழைமானியில் இதற்கு ஏறத்தாழ இணையானது ஏழாம் தேதிப் பதிவு. ஆறையும் ஆறையும் ஒப்பிட்டால் இரண்டுக்கும் இடையே 21 மணி நேர இடைவெளி விழும். ஆறையும் ஏழையும் ஒப்பிட்டால் மூன்று மணி நேரம்தான். செயற்கைக்கோள் மலைப்பகுதி மழையைக் குறைத்து அளக்கக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் அது மழையே தெரியாத கருவி என்று ஒரு கருத்தரங்கில் ஒருவர் அரை மணி நேரம் வாதிட்டபோது, அவருடைய அட்டவணையில் தேதி பிசகியிருந்ததை முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கேள்வி நேரம் ஒதுக்கப்படவில்லை.

இதற்கு விலை கொடுப்பவர்கள் ஆய்வாளர்கள் அல்லர். பிசகிய தேதிகளிலிருந்து பெற்ற வரம்பு இருக்க வேண்டியதைவிடத் தாழ்வாக இருக்கும். அதை நம்பி எச்சரிக்கை விட்டால் சாதாரண மழைக்கெல்லாம் விட வேண்டி வரும். மூன்றாவது முறை தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீட்டிலிருந்து குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனவர்கள் நான்காவது முறை போகமாட்டார்கள்.

வெற்றிடத்தைச் சுழியம் என்று நிரப்புவது

மழைப் பதிவேட்டில் எண் இல்லாத கட்டம் மழை இல்லாத நாளைக் குறிக்காது. பெருமழையன்று எழுத்தர் வந்து சேர முடியாமல் போயிருக்கலாம், மழைமானி நிரம்பி வழிந்திருக்கலாம். உங்களுக்கு மிகவும் வேண்டிய நாள்கள்தாம் பெரும்பாலும் காலியாக இருக்கும்.

ஊட்டியின் மழையை நீலகிரியின் மழை என்பது

கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கத்துக்குத் தென்மேற்குப் பருவமழை; குன்னூர், கோத்தகிரி பக்கத்துக்கு வடகிழக்கு. ஒரு மழைமானியை வைத்து இரண்டையும் பேச முடியாது.

பழைய வரைபடத்தில் ஜி.பி.எஸ். புள்ளியை அப்படியே ஏற்றுவது

இந்திய நில அளவைத் துறையின் பழைய நிலவரைபடங்கள் எவரெஸ்ட் நீள்கோளம் என்ற பூமி வடிவக் கணக்கின் அடிப்படையில் வரையப்பட்டவை, ஜி.பி.எஸ். கருவி WGS84 என்ற வேறோர் அடிப்படையில் பேசுகிறது. மாற்றாமல் ஏற்றினால் புள்ளி நூறு மீட்டருக்கும் மேல் தள்ளி விழும். மலையில் நூறு மீட்டர் என்பது ஓடைக்கு அந்தக் கரை.

30 மீட்டருக்கு ஒரு புள்ளி மட்டுமே உள்ள நில உயரத் தரவில், சாலைக்காக மலையை வெட்டிய இடத்தைத் தேடுவது

கிடைக்காது.

1:50,000 வரைபடத்தை வீட்டுமனைக்குப் பயன்படுத்துவது

அந்த வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது 50 மீட்டர். பத்து மீட்டர் அகல வீடு பேனாக் கோட்டின் தடிமனுக்குள் மறைந்துவிடும். மனை வாங்கப்போகிறவர் கேட்டால் நிலத்தை நேரில் போய்ப் பார்த்துச் சொல்லுங்கள்.

பதிவேட்டின் பக்கத்தை மட்டும் படமெடுப்பது

முதலில் சொன்ன மாணவரிடம் இதையெல்லாம் விளக்கியதும், அன்றிரவே தேதிகளை நகர்த்திப் புதிய வரைபடத்தை அனுப்பினார். சிவப்புப் புள்ளிகளில் பல வலப்பக்கம் போயிருந்தன. பத்துப் பதினைந்து மட்டும் முன்பு இருந்ததைவிட மோசமாக இடப்பக்கம் வந்திருந்தன. அவை எல்லாம் ஒரே தோட்டத்தின் மழைமானியைச் சார்ந்தவை. அவரிடம் இருந்தவை உள்பக்கங்களின் கைப்பேசிப் படங்கள் மட்டுமே. பதிவேட்டின் அட்டையையும் முதல் பக்கத்தையும் அவர் எடுக்கவில்லை. அந்தத் தோட்டத்துக்குத் தொலைபேசியில் கேட்டபோது, அங்கே காலை ஏழு மணிக்கு அளந்து, நேற்றைய மழை என்பதால் நேற்றைய தேதியிலேயே எழுதுவது வழக்கம் என்றும், முதல் பக்கத்தில் அது எழுதியிருக்கிறதே என்றும் சொன்னார்களாம்.