பகலில் தேடினால் புழு கிடைக்காது

ஆடிப்பட்டத்தில் விதைத்தவர்கள் புரட்டாசி பிறந்ததும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அக்கா, இலையெல்லாம் ஓட்டை. செடியில ஒரு புழுகூட இல்ல. என்ன மருந்து அடிக்கட்டும்?" எங்கள் தெருவில் புதிதாக மாடித்தோட்டம் போட்ட தங்கை ஒருத்தியும் போன வாரம் இதையே கேட்டாள். நான் நேரில் போய்ப் பார்ப்பதற்குள், மதியம் 12 மணி வெயிலில் வேப்பெண்ணெயை அடித்துவிட்டாள். மறுநாள் கத்தரி இலைகளின் ஓரம் தீய்ந்து சுருண்டு கிடந்தது. 9 வருடத்துக்கு முன் நான் செய்ததும் இதேதான்.

புழு விஷயத்தில் புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் செய்யும் தவறுகள் மட்டும்தான் இங்கே. தண்ணீர் கூடிப்போவது, நெருக்கி நடுவது பற்றியெல்லாம் எழுதவில்லை. அவற்றைச் செடியே சொல்லிக்கொடுத்துவிடும்.

புழு இல்லாத நேரத்தில் மருந்து அடிப்பது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. ஓட்டை மேல் ஓட்டை விழுந்தும் செடியில் புழு கண்ணில் படவில்லையென்றால், பெரும்பாலும் அது புரோடினியா என்கிற வெட்டுப்புழு. வளர்ந்த புழு பகலில் செடியில் தங்காது. தொட்டி மண்ணுக்குள்ளும் சருகுக்கு அடியிலும் பையின் மடிப்பிலும் சுருண்டு கிடக்கும். இருட்டியபின்தான் மேலே ஏறும்.

அந்த வருடம் 14 பைகளில் காலிஃபிளவர் வைத்திருந்தேன். தினமும் காலையில் இரண்டு இலை காணாமல் போகும். லிட்டருக்கு 5 மில்லி போதும் என்ற எண்ணெயை 15 மில்லியாக்கி, நாள் தவறாமல் அடித்தேன். புழு குறையவில்லை, இலைதான் கருகியது. ஒன்பதாம் நாள் இரவு தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க டார்ச்சோடு மேலே போனபோதுதான் தெரிந்தது. ஒவ்வொரு செடியிலும் மூன்று நான்கு, சுண்டுவிரல் நீளத்தில். சோப்புத் தண்ணீர் மக்கில் பொறுக்கிப் போட்டேன், நாற்பதைத் தாண்டியது. மிஞ்சியது 5 செடி.

பெரிதான பிறகு துரத்துவதைவிட முட்டையிலேயே பிடிப்பது எவ்வளவோ சுலபம். இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பழுப்புப் பஞ்சுத் துணுக்கு ஒட்டினாற்போல இருக்கும். தாய் அந்துப்பூச்சி தன் உடம்பு ரோமத்தால் முட்டைக் குவியலை மூடி வைத்திருக்கிறது. ஒரே குவியலில் நூற்றுக்கணக்கில் முட்டை. நாலைந்து நாளில் பொரித்துவிடும். குஞ்சுப்புழுக்கள் உடனே கலைந்து போகாமல், கூட்டமாக அதே இலையில் பச்சையத்தைச் சுரண்டும். வெளிச்சத்தில் பிடித்தால் அந்த இலை சல்லடையாகத் தெரியும். அதைக் கிள்ளி சோப்புத் தண்ணீரில் அமுக்கினால் ஒரு பட்டாளமே போயிற்று. வாரத்தில் இரண்டு நாள் இப்படிப் பாருங்கள்.

மறுநாளே சாகவேண்டும் என்று எதிர்பார்ப்பது

வேம்பு தொட்டதும் கொல்லாது. புழு தின்பதைக் குறைக்கும், தோலுரித்து வளரவிடாமல் தடுக்கும். அதற்குச் சில நாள் பிடிக்கும். பொறுமையில்லாமல் அளவைக் கூட்டினால் செடிக்குத்தான் கேடு. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்கிற பாக்டீரியாப் பொடியைப் புழு தின்றால்தான் வேலை செய்யும், அதுவும் சின்னப் புழுவிடம்தான் நன்றாக எடுபடும். லிட்டருக்கு 2 கிராம் கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் இரு பக்கமும் நனைய அடியுங்கள். வெயில் அதன் வீரியத்தைத் தின்றுவிடும்.

எண்ணெயை நேரே தண்ணீரில் ஊற்றுவது

முதலில் சோப்புக் கரைசலோடு அடித்துக் கலக்குங்கள். பால்போல வெளுத்த பிறகு தண்ணீர். மேலே எண்ணெய் மிதந்தால் அடிக்கவே வேண்டாம்.

முருங்கையிலிருக்கும் கம்பளிப்பூச்சியை வெறுங்கையால் எடுப்பது

கூடாது.

வெள்ளைக் கூடு சுமக்கும் புழுவை நசுக்குவது

புழுவின் மேல் அரிசிக் குருணைபோல வெள்ளையாக ஒட்டியிருப்பது குட்டிக் குளவிகளின் கூடு. அந்தப் புழு எப்படியும் பிழைக்காது. குளவி வெளியே வந்து அடுத்த புழுவைத் தேடிப் போகும், விட்டுவிடுங்கள்.

பழைய மண்ணில் உடனே அடுத்த நாற்று வைப்பது

வெட்டுப்புழு கூட்டுப்புழுவாவது மண்ணில்தான். காய்ப்பு முடிந்த பையைக் கொட்டிக் கிளறினால், பேரீச்சங்கொட்டை நிறத்தில் வழவழப்பாக அகப்படும். தொட்டால் வால் நுனி நெளியும். மண்ணை மெல்லிசாகப் பரப்பி நாலு நாள் வெயிலில் போடுங்கள். எங்கள் மாடியில் அந்த நாட்களில் காலை 7 மணிக்கே மைனாக்கள் வந்து இறங்கிவிடும்.