கிறிஸ்துமஸ் பரபரப்பில் நாம் செய்யும் தவறுகள்

தி.நகரில் துணி, பாரிமுனையில் ஸ்டாரும் சீரியல் செட்டும், தையல்காரர் கடைக்கு நடையாய் நடப்பது, கேக் ஆர்டர் என்று டிசம்பர் ஓடிவிடுகிறது. "வேலையெல்லாம் முடியட்டும், அப்புறம் உட்கார்ந்து ஜெபிக்கலாம்" என்று தள்ளிப்போடுவதுதான் பெரிய தவறு. அந்த வேலை 24ஆம் தேதி இரவு வரை முடியாது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கிய திருவருகைக் காலம் ஆயத்தத்துக்கென்றே இருக்கிறது. இயேசுவின் பிறப்பைச் சொல்வது மத்தேயு, லூக்கா நற்செய்திகளின் முதல் இரண்டு அதிகாரங்கள். மொத்தம் நான்கு. அந்த நான்கு ஞாயிறுகளில் ஞாயிறுக்கு ஒன்றாக, இரவுச் சாப்பாட்டுக்கு முன் வீட்டில் ஒருவர் சத்தமாக வாசியுங்கள்.

அடுத்தது குடில், அதாவது இயேசு பிறந்த மாட்டுக்கொட்டிலின் மாதிரி. 24ஆம் தேதி மாலை அவசர அவசரமாகக் கட்டி, விளக்கு மின்னினால் போதும் என்று விட்டுவிடுகிறோம். 1223இல் அசிசியின் புனித பிரான்சிஸ் இத்தாலியின் கிரேச்சோ என்ற ஊரில் வைக்கோலும் உயிருள்ள மாடும் கழுதையுமாகக் குடில் அமைத்தார். மீட்பர் எவ்வளவு ஏழ்மையில் பிறந்தார் என்று மக்கள் கண்ணால் காண வேண்டும் என்பதே அவர் ஆசை. நாமும் நிதானமாகக் கட்டலாம். பத்து நாள் முன்பே ஒரு தட்டில் மண் பரப்பி, ஊறவைத்த கேழ்வரகைத் தூவித் தண்ணீர் தெளித்து வந்தால், குடிலுக்குப் பச்சைப் புல் தயார். குழந்தை இயேசுவின் சொரூபத்தை வைக்கும் தீவனத் தொட்டியை 24 இரவு வரை காலியாகவே விடுங்கள். "பாப்பா எப்போ வரும்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்த நேரத்தில் சொல்லும் கதை மனதில் நிற்கும்.

குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தையும் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். நீண்ட வரிசையில் நமக்கும் நிதானம் இருக்காது, சாமியாரும் களைத்திருப்பார். இரண்டாம் வாரத்திலேயே போய்விடுவது நல்லது.

வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக் கேரல் ரவுண்ட்ஸ் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரே இரவில் இத்தனை வீடு என்று கணக்கு வைத்து, இரண்டு சரணம் பாடி, காணிக்கைக் கவரை வாங்கிக்கொண்டு அடுத்த தெருவுக்கு ஓடாதீர்கள். படுக்கையில் இருக்கும் பாட்டி நீங்கள் வருவீர்கள் என்று மாலையிலிருந்தே காத்திருப்பார். அவர் கேட்கும் பாட்டை முழுதாகப் பாடி, கையைப் பிடித்து ஜெபித்துவிட்டு வாருங்கள். இரண்டு வீடு மறுநாளைக்குப் போனால் போகட்டும்.

26ஆம் தேதியே எல்லாவற்றையும் கழற்றி அட்டைப்பெட்டியில் போடுவதும் தவறுதான். திருச்சபையின் கிறிஸ்துமஸ் காலம் ஜனவரியில் வரும் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை நீள்கிறது. மூன்று ராஜாக்களின் சொரூபங்களை அலமாரி ஓரத்தில் நிறுத்தி, அவர்கள் இயேசுவைக் காண வந்ததை நினைவுகூரும் திருக்காட்சிப் பெருவிழா வரை தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடில் பக்கம் நகர்த்தும் பொறுப்பை வீட்டுக் குழந்தைகளிடம் கொடுங்கள்.