மலிவு ரோபோ வைத்து நிரல் கற்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிரலை ஏற்றி ஓட்ட ஓர் ஆர்டுயினோ போர்டு, சக்கரத்தைச் சுழற்ற பேட்டரியில் ஓடும் மஞ்சள் நிற பிஓ மோட்டார் இரண்டு, போர்டின் கட்டளைப்படி அவற்றுக்கு மின்சாரம் தர எல்298என் மோட்டார் டிரைவர், ஒலியலையால் தூரம் அளக்க ஒரு அல்ட்ராசோனிக் சென்சார். கணினி அறிவியல் சொல்லித்தர இவ்வளவு போதும். ஆனாலும் பல வகுப்புகளில் வண்டி ஓடுகிறது, பாடம் நடப்பதில்லை.

முதல் காரணம், எழுதி முடித்த நிரலைக் கையில் கொடுத்துவிடுவது. மாணவர் வயர் செருகுவார், வண்டி ஓடும், கைதட்டுவார்கள், அவ்வளவுதான். நிரலை ஏற்றும் முன், வண்டி என்ன செய்யும் என்று ஒவ்வொருவரையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அப்புறம் ஓட்டிப் பாருங்கள். எழுதியது ஒன்று, நடந்தது வேறு என்றால் அன்றைக்கு நல்ல வகுப்பு.

90 டிகிரி திரும்புவதையே எடுத்துக்கொள்வோம். 'ஒரு சக்கரத்தை அரை நொடி ஓட்டு' என்றுதான் முதலில் எழுதுவார்கள். புது பேட்டரியில் சரியாகத் திரும்பும் வண்டி, பேட்டரி இறங்கியதும் பாதியிலேயே நின்றுவிடும். உடனே ஆசிரியர் அரை நொடியை முக்கால் நொடியாக்கித் தருவதுதான் என் கணக்கில் எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஒரு குழு பேட்டரியை மாற்றிப் பார்க்கட்டும், இன்னொரு குழு தரையை மாற்றிப் பார்க்கட்டும். நேரத்தை மட்டும் நம்பும் நிரலுக்கும் சென்சாரைக் கேட்டு முடிவெடுக்கும் நிரலுக்கும் உள்ள வித்தியாசம் அவர்களுக்கே பிடிபடும். 'டிலே' கட்டளையும் இப்படித்தான். அது முடியும்வரை நிரல் அடுத்த வரிக்குப் போகாது, சென்சாரையும் படிக்காது. 2 நொடி டிலே வைத்த வண்டி சுவரில் முட்டிய பிறகுதான் சுவரைக் கவனிக்கும். முட்டட்டும், விடுங்கள்.

சின்னப் பெட்டி போன்ற 9 வோல்ட் பேட்டரியை மோட்டாருக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். தேவையான கரண்ட் கிடைக்காது. போதாததற்கு எல்298என் வேறு 2 வோல்ட் அளவுக்குத் தின்றுவிடும். போர்டுக்கும் அதே பேட்டரி என்றால் போர்டு அடிக்கடி ரீசெட் ஆகி நிரலை முதலிலிருந்து தொடங்கும். பிள்ளைகள் பாவம், நிரலில் பிழை தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஆறு பேருக்கு ஒரு வண்டி என்றால் லேப்டாப் ஒருவர் கையிலேயே இருக்கும். மூன்று பேருக்கு மேல் வேண்டாம், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறட்டும். வண்டி போதவில்லையா? 1967-ல் குழந்தைகளுக்கான லோகோ நிரல் மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான சீமோர் பேப்பர்ட், அந்த மொழியில் கட்டளைப்படி நகரும் 'ஆமை'க்குக் கட்டளை எழுதும் குழந்தை தானே ஆமையாக நடந்து பார்க்கட்டும் என்றார். அதையே செய்யலாம். ஒருவர் கட்டளைகளைப் படிக்க, இன்னொருவர் நடக்கட்டும். படிப்பவர் தாளில் உள்ளதை மட்டுமே படிக்க வேண்டும், நடுவில் திருத்திச் சொல்லக் கூடாது.