குவிக் டேப் பெனால்டி: விசிலுக்கு அடுத்த மூன்று நொடியில் நடுவர்கள் செய்யும் தவறுகள்

ரக்பியில் பெனால்டிக்கு விசில் ஊதியதும் புது நடுவர்கள் பலர் சற்று மூச்சு வாங்கிக்கொள்கிறார்கள். தவறைப் பிடித்தாயிற்று, கையைத் தூக்கியாயிற்று, இனி கேப்டன் யோசித்துச் சொல்லட்டும் என்ற நினைப்பு. அதற்குள் ஸ்க்ரம்-ஹாஃப் (முன்வரிசையிடமிருந்து பந்தை எடுத்துப் பின்வரிசைக்குக் கொடுப்பவர்) பந்தைக் காலால் தட்டிக் கையில் வாங்கி ஓடத் தொடங்கியிருப்பார். இதுதான் குவிக் டேப். குவிக் டேப்பில் வரும் சிக்கல்களில் முக்கால்வாசி, அந்த இரண்டு மூன்று நொடியில் நடுவர் எங்கே நின்றார், எங்கே பார்த்தார் என்பதில்தான் ஆரம்பிக்கிறது.

என்ன குற்றம் என்று கையால் விளக்கிக்கொண்டே பந்துக்கு முதுகைக் காட்டுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. விளக்கம் காத்திருக்கும், இடம் காத்திருக்காது. முதலில் பெனால்டிக்கான இடத்தைக் காட்டுங்கள். பிறகு ஓடப்போகிறவரின் பாதையிலிருந்து பக்கவாட்டில் விலகுங்கள். நேராகப் பின்வாங்கினால் தடுப்பாட்டக்காரருக்கு நீங்களே ஒரு ஆள் கூடுதல்!

அந்தப் புள்ளியிலோ, பக்கக் கோட்டுக்கு இணையாக அதன் நேர் பின்னால் எங்கேயுமோ தட்டலாம். மூன்று மீட்டர் பின்னால் போனால் தவறில்லை, மூன்று மீட்டர் பக்கத்தில் நகர்ந்தால் தவறு. அப்போதும் திரும்ப எடுக்கச் சொல்ல வேண்டுமே தவிர, எதிரணிக்கு ஸ்க்ரம் (இரு அணி முன்வரிசையினரும் கோத்து நின்று பந்துக்காகத் தள்ளும் மறுதொடக்கம்) கொடுக்கக் கூடாது. அரை அடி வித்தியாசத்துக்கெல்லாம் திருப்பி அழைக்கும் நடுவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். குற்றம் செய்த அணிக்கு வரிசையாக வந்து நிற்க அவரே நேரம் வாங்கிக் கொடுக்கிறார்.

தட்டு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். பந்து கையை விட்டுத் தெளிவாக வெளியே வந்து திரும்ப வேண்டும். பிடித்த பிடியிலேயே பாதத்தில் ஒற்றி எடுப்பது உதை ஆகாது. முழங்காலும் குதிகாலும் கணக்கில் வராது. இதற்குத் தண்டனை எதிரணிக்கு ஸ்க்ரம்.

நடுவரை அதிகம் குழப்புவது 10 மீட்டர். எதிரணியினர் உடனே 10 மீட்டர் பின்வாங்க வேண்டும். அவர்களுடைய கோல் கோடு அதைவிடப் பக்கத்தில் இருந்தால் அதுவரை போனால் போதும். பின்வாங்க வாய்ப்பே இல்லாத வேகத்தில் தட்டிவிட்டால், உள்ளே மாட்டிக்கொண்டதற்காக மட்டும் யாரையும் தண்டிக்கக் கூடாது. ஆனால் அவர் ஆட்டத்தில் கை வைக்கவும் கூடாது. 10 மீட்டரை எட்ட வேண்டும், அல்லது 10 மீட்டரில் நின்றிருந்த சக வீரர் அவரைத் தாண்டி முன்னால் வர வேண்டும். இங்கே தவறு இரண்டு பக்கமும் நடக்கிறது. கையை விரித்துக்கொண்டு ஓடும் அப்பாவியின் முதுகில் ஸ்க்ரம்-ஹாஃப் வேண்டுமென்றே போய் மோதி பெனால்டி கேட்பார், நடுவர் கொடுத்துவிடுவார். இன்னொரு பக்கம், பின்னால் போவதுபோல் நான்கு அடி வைத்து, ஏழாவது மீட்டரில் சட்டென்று நின்று டேக்கிள் செய்பவர் தப்பித்துவிடுவார். யார் தன் பாதையை மாற்றினார், யார் வேகத்தைக் குறைத்தார் என்று பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

குறுக்கிட்டவருக்கு எதிராக இன்னும் 10 மீட்டர் முன்னால் இரண்டாவது பெனால்டி. நடுவர் இடத்தைக் குறிக்கும்வரை அதை எடுக்கக் கூடாது என்பதைப் பல நடுவர்களே மறந்துவிடுகிறார்கள். சூட்டோடு சூடாக அடுத்த தட்டும் போட்டு ஓடினால், இங்கே திருப்பி அழைப்பதுதான் சரி.

அட்டை காட்ட வேண்டும், அல்லது தலையில் அடிபட்டவரைக் கவனிக்க வேண்டும் என்றால் 'டைம் ஆஃப்' என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிடுங்கள். நேரத்தை நிறுத்தாமல் கேப்டனோடு பேச்சை ஆரம்பித்தால், முதுகுக்குப் பின்னால் ட்ரை (எதிரணியின் கோல் கோட்டிலோ அதற்கு அப்பாலோ பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) விழுந்திருக்கும்.

கோல் கோட்டுக்கு 5 மீட்டரில் எடுக்கும் தட்டு தனி ரகம். தட்டுபவரைப் பார்த்தால் கோட்டைவிட்டு முன்னதாகக் கிளம்புபவர் தெரியமாட்டார், அவரைப் பார்த்தால் தட்டு தெரியாது. பக்கவாட்டில் அகன்று நின்று, கோட்டை உதவி நடுவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். உங்கள் கண் பந்தை வாங்குபவர் மேல் இருக்கட்டும். எதிரணியைத் தொடும் முன்பே இரண்டு பக்கமும் சக வீரர்கள் அவரைப் பற்றிக்கொண்டு ஆப்பு வடிவில் பாய்ந்தால், அது தடை செய்யப்பட்ட 'ஃப்ளையிங் வெட்ஜ்'. ட்ரை விழுந்தாலும் செல்லாது, பெனால்டி எதிரணிக்கு.